ஆங்கிலச் சொற்களும் இலக்கியமும்: தமிழ்வழியில் படித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து ஆங்கில இலக்கியம் எடுத்தவர்களும், வேலைக்காக ஆங்கிலத்தை மறுபடி கையில் எடுத்தவர்களும் கேட்ட சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

ஒரு நாளைக்கு 50 வார்த்தை மனப்பாடம் பண்ணலாம்னு இருக்கேன். முடியுமா?

முதல் நாள் முடியும். மூன்றாவது வாரம் நின்றுவிடும். காரணம் சோம்பல் இல்லை, கணக்கு. ஒரு சொல் மனதில் தங்க, அதை மறுநாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 15ஆம் நாள், 30ஆம் நாள் என்று குறைந்தது ஐந்து முறை திரும்பப் பார்க்க வேண்டும். நாளுக்கு 10 சொல் என்றால், ஒரு மாதம் கழித்து தினமும் 10 புதிய சொல்லோடு 50 பழைய சொல்லும் வந்து நிற்கும். பழையதுக்கு தலா 8 நொடி, புதியதை எழுதிப் படிக்க தலா ஒன்றரை நிமிடம் வைத்தால் மொத்தம் 22 நிமிடம். வேலைக்குப் போகிறவருக்கும் இது கட்டுபடியாகும்.

50 சொல்லுக்கு இதே கணக்கைப் போட்டால் 108 நிமிடம் வரும், அதுவும் ஒரு நாள் விடாமல். இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் 500 சொல் பாக்கி விழும். அங்கேதான் எல்லோரும் நோட்டை மூடுகிறார்கள். 10 வையுங்கள். ஆண்டுக்கு 300 நாள் படித்தாலே 3,000 சொல் ஆகிவிடும்.

மொத்தம் எத்தனை வார்த்தை தெரிஞ்சா போதும்?

எதற்குப் போதும் என்பதைப் பொறுத்தது. மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1953இல் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2,000 அடிப்படைச் சொற்கள் உண்டு. அவர் வங்காளத்தில் பல ஆண்டு கல்விப் பணியில் இருந்தவர், நம்மைப் போன்ற மாணவர்களின் சிரமத்தை நேரில் கண்டவர். இந்த 2,000 தெரிந்தால் பொதுவான எழுத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் பிடிபடும். கல்லூரிப் பாடநூல்களுக்கு ஏவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் தொகுத்த 570 சொற்குடும்பங்களை அடுத்துச் சேர்க்கலாம். 'ஆக்ட்', 'ஆக்‌ஷன்', 'ஆக்டிவ்' எல்லாம் சேர்ந்து ஒரு சொற்குடும்பம்.

80 சதவீதம் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 300 சொல் உள்ள ஒரு பக்கத்தில் 60 சொல் தெரியாது என்று பொருள். கதை ஓடாது. நாவலையோ செய்தித்தாளையோ தடையின்றிப் படிக்க 98 சதவீதம் தெரிய வேண்டும், அதற்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்பது பால் நேஷன் என்ற ஆய்வாளரின் கணிப்பு. மலைக்க வேண்டாம். முதல் 3,000ஐத்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும். மற்றவை பெரும்பாலும் வாசிப்பில் வந்து சேரும்.

டிக்‌ஷனரியை 'ஏ'யில இருந்து வரிசையா படிக்கலாமா?

வேண்டாம். அகராதியில் ஒன்றுபோல் இருக்கும் சொற்கள் அடுத்தடுத்து நிற்கும். 'அடாப்ட்' (adopt), 'அடாப்ட்' (adapt) என்று காதுக்கு ஏறக்குறைய ஒன்றாக விழும் இரண்டில் ஒன்று தத்தெடுப்பது, மற்றது சூழலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது. இரண்டையும் ஒரே நாளில் படித்தால் ஆயுளுக்கும் குழம்பும். எதிர்ச்சொற்களும் அப்படித்தான். ஒன்று நன்றாகப் பதிந்த இரண்டு வாரம் கழித்து மற்றதைத் தொடுங்கள்.

நோட்டுல ஒரு பக்கம் இங்கிலீஷ், எதிர்ல தமிழ் அர்த்தம். இப்படி எழுதினா போதாதா?

பாதிதான் கிடைக்கும். சொல்லுக்குப் பொருள் மட்டும் இல்லை, கூட்டாளிகளும் உண்டு. தமிழில் கனமழை என்கிறோம், பலத்த காற்று என்கிறோம். 'கனக் காற்று' என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. போக்குவரத்துக்கு 'ஹெவி', காபிக்கு 'ஸ்ட்ராங்'. 'மிஸ்டேக்' என்ற சொல்லோடு 'மேக்' வரும், 'டூ' வராது. தப்பு செய்தேன் என்று தமிழில் நினைத்து எழுதுவதால்தான் 'டூ' வந்து விழுகிறது. அதைப் பற்றிப் பேசினோம் என்று நினைப்பதால் 'டிஸ்கஸ்' பக்கத்தில் தேவையில்லாத 'அபவுட்' ஒட்டிக்கொள்கிறது.

ஒரு சொல்லுக்கு ஒரு சிறு அட்டை போடுங்கள். 'ரிலக்டன்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் நீங்கள் அதைச் சந்தித்த வாக்கியம், அந்தச் சொல் இருக்கும் இடத்தில் கோடு. பின்பக்கம் நான்கு வரி: சொல், அழுத்தம் 'லக்' மேல் என்ற குறி. அடுத்து, பின்னால் 'டு' போட்டு வினைச்சொல் வரும் என்ற குறிப்பு. அடுத்து, 'அக்ரீ', 'அட்மிட்' போல அதோடு அடிக்கடி வரும் இரண்டு வினைகள். கடைசியில் தமிழ். 'தயக்கமான' என்று அகராதி தரும், ஆனால் 'அரைமனதோடு' என்று எழுதிப் பாருங்கள், உடனே ஒட்டும். நம் பேச்சில் புழங்கும் சொல்லாகத் தேடி எழுதுவதில்தான் பாதிப் படிப்பு இருக்கிறது.

படிச்சது எல்லாம் ஒரே வாரத்துல மறந்துபோகுது. என் ஞாபகசக்திதான் குறையா?

இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறோம் என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே வேகமாக நடந்துவிடுகிறது, பிறகு மெல்லத்தான் நகர்கிறது. அதனால் முதல் மீள்பார்வை மறுநாளே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒட்டுமொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறுபடி முதலிலிருந்து படிப்பதாகிவிடும்.

செபாஸ்டியன் லெய்ட்னர் 1972இல் சொன்ன பெட்டி முறை எளிது. காலணி அட்டைப்பெட்டியில் ஐந்து தடுப்பு. புதிய அட்டை முதல் தடுப்பில். சரியாகச் சொன்னால் அடுத்த தடுப்புக்குப் போகும், தவறினால் எங்கிருந்தாலும் முதலுக்கே திரும்பும். முதல் தடுப்பைத் தினமும் பார்க்க வேண்டும், அடுத்தடுத்த தடுப்புகளுக்கு இடைவெளி கூடிக்கொண்டே போகும். ஒரே நிபந்தனை: விடையைத் திருப்பிப் பார்க்கும் முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கண்ணால் ஓட்டிவிட்டு 'தெரியும்' என்று தள்ளுவதுதான் இந்த முறையில் நடக்கும் பெரிய தவறு.

தமிழ் அர்த்தமே பார்க்காதே, இங்கிலீஷ்லயே யோசின்னு சொல்றாங்களே?

தொடக்கத்தில் தமிழைக் கைவிட வேண்டியதில்லை. 'பம்கின்' என்றால் பூசணி என்று ஒரு சொல்லில் முடிவதை ஆங்கிலத்தில் மூன்று வரி விளக்கமாகப் படிப்பது நேர விரயம்.

ஆனால் தமிழில் ஒரு சொல் இருந்து ஆங்கிலத்தில் இரண்டு மூன்றாகப் பிரியும் இடங்களைத் தனிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். 'கேட்டான்' என்றால் வினவினானா, காதில் விழுந்ததா, கவனித்துக் கேட்டானா? ஆங்கிலத்தில் 'ஆஸ்க்', 'ஹியர்', 'லிசன்' என்று மூன்று. 'பார்' என்பது 'சீ', 'லுக்', 'வாட்ச்' ஆகிறது. கடன் வாங்கினால் 'பாரோ', கொடுத்தால் 'லெண்ட்'. இந்தப் பக்கம் உங்கள் பிழைகளில் பெரும்பகுதியைப் பிடித்துக் கொடுக்கும்.

எழுதுறது ஒண்ணு, படிக்கிறது ஒண்ணு. ஏன் இப்படி?

எழுத்து நின்றுவிட்டது, ஒலி நகர்ந்துவிட்டது. வில்லியம் கேக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் மெல்ல இறுகியது. அதே நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாம் இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லின் தொடக்கத்தில் இருக்கும் 'கே' ஒரு காலத்தில் உண்மையிலேயே ஒலித்தது. இன்று எழுத்தில் மட்டும் தங்கியிருக்கிறது. கடனைக் குறிக்கும் 'டெட்' கதை வேறு. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' கிடையாது. லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று படித்தவர்கள் பிறகு நுழைத்தார்கள்.

எழுத்தைவிட நமக்குச் சிரமம் தருவது அழுத்தம். தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் 'ரெக்கார்ட்' முன்னால் அழுத்தினால் பெயர்ச்சொல், பின்னால் அழுத்தினால் வினைச்சொல். 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையில் அழுந்தும். படம் எடுப்பவரைக் குறிக்கும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்ந்து 'ஃபடாக்ரஃபர்' ஆகிவிடும். அட்டையில் அழுத்தக் குறி போடச் சொன்னது இதற்குத்தான்.

ஒரே அர்த்தத்துக்கு மூணு வார்த்தை இருக்கே. எதைப் போடுறது?

1066இல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன் பின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு, தேவாலயத்திலும் படிப்பிலும் லத்தீன், வயலிலும் வீட்டிலும் பழைய ஆங்கிலம். மூன்றும் ஒரே மொழிக்குள் தங்கிவிட்டன. கேட்பதற்கு 'ஆஸ்க்' வீட்டுச் சொல், 'குவெஸ்சன்' பிரெஞ்சு வழி வந்தது, 'இன்டெராகேட்' லத்தீன். கடைசியைப் போட்டால் காவல் நிலைய விசாரணை வாடை வந்துவிடும். மாடு மேய்ந்தால் 'கவ்', தட்டுக்கு வந்தால் 'பீஃப்' என்ற பிரிவும் இப்படி வந்ததே. கடல் வழியாக நம்மிடமிருந்தும் வாங்கிக்கொண்டார்கள்: கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனது, சுருட்டு 'ஷெரூட்' ஆனது, மிளகுத்தண்ணீர் 'மல்லிகாடானி' ஆனது.

சோறு, சாதம், அன்னம் மூன்றையும் எங்கே சொல்வது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஆனாலும் தெரியும். அதே உணர்வை ஆங்கிலத்தில் வளர்க்க வேண்டும். ஐயம் வந்தால் குட்டையான வீட்டுச் சொல்லையே எடுங்கள். 'பை' இருக்க 'பர்சேஸ்', 'பிகின்' இருக்க 'கமென்ஸ்' என்று எழுதினால் மதிப்பெண் கூடாது.

மரபுத்தொடர் நிறைய போட்டுப் பேசினா நல்லா இருக்குமா?

கேட்டால் புரிய வேண்டும், பேச அவசரம் வேண்டாம். பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்ற தொடரை இன்று ஆங்கிலேயர்களே அரிதாகத்தான் சொல்கிறார்கள். அந்த நேரத்தை 'புட் ஆஃப்', 'கால் ஆஃப்', 'டர்ன் டவுன்', 'லுக் ஆஃப்டர்' போன்ற இரட்டை வினைகளுக்குக் கொடுங்கள். ஒரு கூட்டத்தை 'புட் ஆஃப்' செய்தால் தள்ளிவைப்பு, 'கால் ஆஃப்' செய்தால் ரத்து. அலுவலகத்தில் இது மாறினால் ஆட்கள் வராமல் போவார்கள்.

இலக்கியம்னா நேரா ஷேக்ஸ்பியர்ல இருந்து தொடங்கணுமா?

பாடத்திட்டம் அப்படி வைத்திருக்கலாம், நீங்கள் அப்படித் தொடங்க வேண்டாம். எந்தப் புத்தகத்திலும் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து 300 சொல் எண்ணி, தெரியாதவற்றைக் கோடிடுங்கள். 6க்குள் இருந்தால் தாராளமாகப் படிக்கலாம். 15 வரை அகராதியோடு படிக்கலாம். அதற்கு மேல் என்றால் ஆறு மாதம் கழித்து எடுங்கள். மேலே சொன்ன 98 சதவீதக் கணக்குதான் இது.

சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' 1935இல் வந்தது. பள்ளிக்கூடம், கிரிக்கெட், பாட்டி என்று உலகம் நமக்குத் தெரிந்ததாக இருப்பதால் மொழியில் மட்டும் கவனம் வைக்க முடிகிறது. முதல் புத்தகமாக அதைச் சொல்வேன். அடுத்து ஹெமிங்வேயின் 'தி ஓல்ட் மேன் அண்ட் தி சீ', 1952. வாக்கியங்கள் எளியவை, மீன்பிடிச் சொற்கள் மட்டும் கொஞ்சம் தடுக்கும்.

ஷேக்ஸ்பியர் எழுதினது இங்கிலீஷ்தானா? 'தவ்', 'தீ', 'தை'ன்னு என்னென்னமோ வருதே?

ஆங்கிலம்தான், 400 ஆண்டு பழையது. இந்த இடத்தில் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. 'தவ்' என்றால் நீ, 'தீ' என்றால் உன்னை, 'தை' என்றால் உன். 'யூ' என்பது ஒருவரிடம் சொல்லும்போது பெரும்பாலும் நீங்கள். இன்றைய ஆங்கிலேய மாணவருக்கு இந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்ல வேண்டும். உங்களுக்கு அது வாயிலேயே இருக்கிறது.

'ஹாம்லெட்' மூன்றாம் அங்கம் நான்காம் காட்சி. தாய் மகனிடம், உன் தந்தையை நீ மிகவும் புண்படுத்திவிட்டாய் என்கிறாள். அவள் சொல்வது புதுக் கணவனை. மகன் அதே சொற்களை எடுத்து, அம்மா, என் தந்தையை நீங்கள் மிகவும் புண்படுத்திவிட்டீர்கள் என்று திருப்பித் தருகிறான். அவன் சொல்வது இறந்துபோனவரை. அடுத்த வரியிலேயே தாய் 'தவ்' விட்டு 'யூ'வுக்கு மாறிவிடுகிறாள். கோபத்தில் ஒரு தாய் பிள்ளையைத் திடீரென்று 'நீங்க' என்று சொன்னால் வீடு எப்படி இறுகும் என்று உங்களுக்குத் தெரியும். நாடகம் படிக்கும்போது 'தவ்' வரும் இடத்தில் ஒரு வட்டம், 'யூ' வரும் இடத்தில் ஒரு கட்டம் போடுங்கள். எங்கே மாறுகிறது என்பதே தேர்வில் ஒரு பத்தி விடையாகும்.

'வேர்ஃபோர்' என்ற சொல்லில் மட்டும் எச்சரிக்கை. ஜூலியட் மாடத்தில் நின்று கேட்பது ரோமியோ, நீ எங்கே என்று அல்ல. நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய், ஏன் அந்தப் பகைக் குடும்பத்தின் பெயரோடு பிறந்தாய் என்பது அவள் கேள்வி.

சிமிலி, மெட்டஃபர், மீட்டர் எல்லாம் தமிழ் இலக்கணத்துல இருக்கிறதுதானா?

உவமையும் உருவகமும் அப்படியே 'சிமிலி', 'மெட்டஃபர்'. 'அலிட்டரேஷன்' மோனைக்கு நெருக்கம். 'மெட்டானிமி'க்கு ஆகுபெயரை நினைத்துக்கொள்ளலாம். 'ரைம்' என்றதும் எதுகைக்குப் போகாதீர்கள். எதுகை அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தில் நிற்கும். 'ரைம்' அடியின் முடிவில் வருவது, அதாவது இயைபு.

'மீட்டர்' அடிப்படையிலேயே வேறு. நம் நேரசையும் நிரையசையும் குறில் நெடில் கொண்டு பிறப்பவை. ஆங்கில அடி மேலே சொன்ன அழுத்தத்தால் நடக்கிறது. சானெட் என்பது பொதுவாக 14 அடிக் கவிதை. ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகளில் 18ஆவதின் முதல் அடி: 'ஷல் ஐ கம்-பேர் தீ டு எ சம்-மர்ஸ் டே'. எண்ணினால் பத்து அசை. மெலிந்தது, அழுந்தியது என்று ஐந்து இணைகள். மேசையில் விரலால் தட்டிக்கொண்டு ஐந்து முறை சொல்லுங்கள், 'ஐயாம்பிக் பென்டாமீட்டர்' என்ற பெயர் பிறகு பயமுறுத்தாது.

அந்தப் பாட்டுல அன்பானவரை ஏன் கோடையோட ஒப்பிடணும்? திட்டுற மாதிரி இருக்கே?

மிக நல்ல கேள்வி, கேட்கத் தயங்காதீர்கள். நமக்குக் கோடை என்றால் கத்திரி வெயில். லண்டனில் ஜூலை மாதப் பகல் சராசரி சுமார் 23 டிகிரி, ஊட்டியின் நல்ல நாள் மாதிரி. நீண்ட குளிருக்குப் பிறகு பூவும் வெளிச்சமும் வரும் குறுகிய காலம் அது. அந்தக் கோடையும் சீக்கிரம் தீர்ந்துவிடும், நீ தீரமாட்டாய் என்பதுதான் கவிதை.

தட்பவெப்பம் சொற்களுக்குள்ளும் இறங்கியிருக்கிறது. நமக்கு மனம் குளிர்ந்தால் மகிழ்ச்சி. அவர்களுக்கு 'வார்ம்' என்றால் அன்பு, 'கோல்ட்' என்றால் பாசமற்றது. நம் வெயிலில் நிழல் அருமை, அவர்கள் கவிதையில் வெயில் அருமை. நீங்கள் போடும் அட்டையில் இப்படிப்பட்ட சொல்லுக்கு 'அங்கே நல்லது', 'அங்கே கெட்டது' என்று ஒரு குறிப்பு சேருங்கள்.

நாவல்ல 'கசின்'னைக் கல்யாணம் பண்ணிக்கிறாங்க. அது முறைப்பையனா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அத்தை மகன், மாமா மகள், பெரியப்பா மகன், சித்தி மகள் எல்லோரும் ஆங்கிலத்தில் 'கசின்'. நாம் பிரிக்கும் கோடு அங்கே இல்லை. ஜேன் ஆஸ்டின் 1814இல் வெளியிட்ட 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்'கில் ஃபேனி, எட்மண்டை மணக்கிறாள். அவள் அம்மாவும் அவன் அம்மாவும் உடன்பிறந்த அக்கா தங்கை. நம் முறைப்படி அவன் பெரியம்மா மகன், அண்ணன். தமிழ் வாசகர் இங்கே திடுக்கிடுவது இயல்பு. அன்றைய இங்கிலாந்தில் சட்டமும் திருச்சபையும் அதைத் தடுக்கவில்லை. எனவே அதை ஆசிரியர் காட்டும் முறைகேடாக எடுத்துக்கொண்டு விடை எழுதிவிடாதீர்கள்.

பைபிள், கிரேக்கக் கதை எல்லாம் தெரிஞ்சாத்தான் இங்கிலீஷ் இலக்கியம் புரியுமா?

ஒருவரை 'சகுனி' என்று எழுதினால் மகாபாரதம் தெரியாதவருக்கு என்ன புரியும்? அதே நிலைதான். முழுதாகப் படிக்க முடியாவிட்டால் இதை மட்டும் செய்யுங்கள்: ஆதியாகமத்தில் 1 முதல் 4 வரையும் 6 முதல் 9 வரையும், யாத்திராகமத்தில் முதல் 20 அதிகாரம், லூக்கா முழுவதும். ஏதேன் தோட்டம், காயீனும் ஆபேலும், நோவாவின் பேழை, மோசே, நல்ல சமாரியன், ஊதாரி மகன் எல்லாம் இதற்குள் வந்துவிடும். முதலில் தமிழில் படித்து, பிறகு 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பதிப்பில் அதே பகுதியைப் பாருங்கள். அதன் ஓசை பிற்கால எழுத்தாளர்களின் நடையில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கிரேக்கத்தில் டிராய் போர், அக்கிலிஸின் குதிகால், மைடாஸ், பண்டோரா, இக்காரஸ், ஈடிபஸ் ஆறு கதைகளும் ஒரு வாரத்தில் முடியும்.

படிச்சா புரியுது. பேசவும் எழுதவும் போனா அந்த வார்த்தை வரவே மாட்டேங்குது. என்ன பண்றது?

பார்த்தவுடன் அடையாளம் தெரிவதும், வேண்டும்போது வாயில் வருவதும் தனித்தனித் திறன். முதல் வகை எப்போதும் அதிகமாகத்தான் இருக்கும், தாய்மொழியிலும் அப்படியே. எனவே எல்லாச் சொல்லையும் பேச்சுக்குக் கொண்டுவர முயல வேண்டாம். வாரத்துக்கு 15 சொல் தேர்ந்தெடுங்கள். அந்த அட்டைகளை மட்டும் தலைகீழாகப் பிடித்து, தமிழைப் பார்த்து ஆங்கிலத்தை முழு வாக்கியத்தில் சொல்லுங்கள்.

கூடவே ஒரு பயிற்சி. படித்த ஒரு அத்தியாயத்தைக் கைபேசியில் பதிவுசெய்தபடி 4 நிமிடம் சொல்லுங்கள். உடனே அதையே 3 நிமிடத்தில், பிறகு 2 நிமிடத்தில். முதல் சுற்றில் எந்தச் சொல்லுக்கு நின்றீர்களோ அதைக் குறித்துக்கொண்டு, மூன்றாம் சுற்றில் அது வந்ததா என்று பதிவைக் கேட்டுப் பாருங்கள். மூன்று சுற்றிலும் வராத சொல்லைப் பெட்டியின் முதல் தடுப்புக்கே திருப்பிப் போடுங்கள்.